ஓட்டல் மூடிய பிறகு

ஓர் ஓட்டல் மூடப்பட்டால் நட்டம் முதலாளிக்குத்தானே, மாணவியராகிய நமக்கென்ன என்று தோழி ஒருத்தி கேட்டாள். அவளுக்குச் சொன்ன பதிலையே இங்கு எழுதுகிறேன்.

பல கிளைகள் கொண்ட ஓட்டலைப் பற்றித் திண்டுக்கல்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 1957-ல் இங்கே சிறு கடையாகத் தொடங்கிய தலப்பாக்கட்டிப் பிரியாணி இன்று கடல் கடந்தும் கிளை விட்டிருக்கிறது. கிளை திறந்தால் ஊரே பேசுகிறது. மூடப்பட்ட கிளையின் கட்டடம் என்னவாயிற்று என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் கேட்கிறார்கள். கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டா நகரில் 1958-ல் இரு சகோதரர்கள் தொடங்கிய 'பீட்சா ஹட்', பிற்காலத்தில் தன் கடைகளுக்கெல்லாம் ஒரே அச்சில் சிவப்புக் கூரை போட்டது. அவற்றில் பல மூடப்பட்டு, மருத்துவமனை, தேவாலயம், ஏன், ஈமச்சடங்கு நிலையமாகக்கூட மாறின. பெயர்ப்பலகையைக் கழற்றலாம், கூரையை என்ன செய்வது? பார்த்தவுடன் பழைய கடை தெரிந்துவிடுகிறது. முதல் கடை நடந்த சிறு கட்டடமோ அவ்வூர்ப் பல்கலைக்கழக வளாகத்துக்குப் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு, 2018 முதல் அருங்காட்சியகமாக நிற்கிறது.

நம் மாநிலத்திலும் பெரிய எடுத்துக்காட்டு உண்டு. சென்னை கதீட்ரல் சாலையில் 1962-ல் தொடங்கிய உட்லண்ட்ஸ் டிரைவ்-இன், கிருஷ்ணராவ் வளர்த்த உட்லண்ட்ஸ் ஓட்டல்களில் ஒன்று. கார் வைத்திருந்தவர் காரிலிருந்தபடியே சாப்பிட்டார். இல்லாதவர் உள்ளே அமர்ந்து ஒரே காபியோடு மணிக்கணக்கில் பேசினார். நிலம் அரசுடையது. 2008-ல் ஓட்டல் மூடப்பட்டது. 2010 நவம்பரில் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது. கட்டடம் போயிற்று, பழைய மரங்கள் பல நின்றன. அங்கே பூங்கா வந்ததை நான் நல்ல மாற்றம் என்றே சொல்வேன்.

இவ்வளவு அக்கறை எனக்கு ஏன்? என் தந்தையார் இவ்வூர்ப் பேருந்து நிலையத்துக்கு அருகில், ஓர் ஓட்டலின் கிளையில் பதினோரு ஆண்டுகள் சப்ளையராக இருந்தவர். மூடப்போவதை ஒரு வாரம் முன்புதான் சொன்னார்களாம். இன்று அந்தக் கூடம் போட்டித் தேர்வுப் பயிற்சி நிலையம். ஞாயிறுதோறும் நான் அங்கே படிக்கச் செல்கிறேன். கை கழுவும் தொட்டிகள் அப்படியே இருக்கின்றன. அடுக்களையாக இருந்த அறையில் எத்தனை முறை வெள்ளையடித்தாலும் எண்ணெய்ப் பிசுக்கு மஞ்சளாக மேலே வந்துவிடுகிறது. (வேதியியல் படிக்கிறவளுக்கு இதில் வியப்பில்லை.) "ரெண்டாவது ஜன்னல் பக்கம் உக்காரு தாயி, அங்கதான் காத்து வரும்" என்று முதல் நாளே சொல்லி அனுப்பினார் அப்பா. அழைத்துப்போக வரும்போது முன்வாசலுக்கு வரமாட்டார். வேலைக்குப் போய்வந்த பக்கத்துச் சந்திலேயே நிற்பார். "முன்னாடி வாங்கப்பா" என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே அந்தக் கூடம் பயிற்சி நிலையமானதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. அன்று ஒரு காபிக் காசு இருந்தவர் எவரும் அங்கே உட்காரலாம். இன்று அந்த நாற்காலிக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம். அதைக் கட்ட அப்பா இப்போது இரண்டு இடங்களில் வேலை பார்க்கிறார்.

நத்தத்திலிருந்தும் வேடசந்தூரிலிருந்தும் வரும் நம் தோழியரை எண்ணிப் பாருங்கள். வகுப்பு முடிந்தபின் பேருந்து வரும்வரை நிழற்குடையில் நின்றுகொண்டுதான் பாடக்குறிப்பைப் புரட்டுகிறார்கள். ஓட்டலாக இருந்த கூடத்தில் வெளிச்சம், காற்று, தண்ணீர், முக்கியமாகக் கழிப்பறை எல்லாம் முன்பே உண்டு. பேருந்து நிலையமும் பக்கம். இனி இப்படி ஒரு கூடம் காலியானால், மாநகராட்சி அதை வாடகைக்கு எடுத்து, மேசை நாற்காலி போட்டு, கட்டணமில்லாப் படிப்பகமாக இரவு எட்டு மணிவரை திறந்து வைக்கட்டும். புத்தகம்கூட வேண்டாம், எங்களிடம் இருக்கிறது. உட்கார இடம்தான் இல்லை.