பூமி அழியலாமா?

கைப்பேசி விளையாட்டில் பூமி வெடித்துச் சிதறியது. "போனால் போகிறது, அடுத்த ஆட்டம்!" என்றான் என் தம்பி. இத்தகைய அழிவைக் காட்டவே கூடாது என்பார் உளர். நான் அவ்வாறு கருதவில்லை.

1980இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'மிசைல் கமாண்ட்' விளையாட்டில் ஆறு நகரங்களைக் காக்க வேண்டும். எவ்வளவு திறமையாக ஆடினாலும் தாக்குதல் ஓயாது. நகரங்கள் யாவும் வீழ்ந்தால்தான் ஆட்டம் முடியும். வெற்றி என்பதே அதில் இல்லை. அணுஆயுதப் போர் புகட்டும் பாடமும் அதுவன்றோ! மணிமேகலைக் காப்பியத்திலும் புகார் நகரைக் கடல் கொண்டது. இந்திரவிழாவை மறந்ததே காரணம் என்றும் சொல்லப்பட்டது.

ஆகவே விளையாட்டில் பூமி அழியட்டும், நண்பர்களே! ஆனால் ஏன் அழிந்தது என்பது ஆடுபவன் நெஞ்சில் தைக்க வேண்டும். நம் தியாகதுருகம் மலைமீது சிதைந்து கிடக்கும் கோட்டைக்கு அடுத்த ஆட்டம் இல்லை, பூமிக்கும் இல்லை.