ரயில் ஏற்றிக்கொண்டது, வண்டி ஏற்றவில்லை

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்தில் எங்களுக்கு ரயில் என்றால் பொம்மிடி, அதை விட்டால் மொரப்பூர். திருப்பூர் பனியன் கம்பெனிக்கும் பெங்களூரு கட்டட வேலைக்கும் சென்னைக் கல்லூரிக்கும் எங்கள் பிள்ளைகள் புறப்படுவது இங்கிருந்துதான். இரண்டு நிலையங்களையும் 'அம்ருத் பாரத்' திட்டத்தில் சேர்த்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் ஒரு நிலையத்தின் தரம் அதன் முகப்பில் இல்லை. இறங்கியவர் மரியாதையோடு வீடு போய்ச் சேர்கிறாரா என்பதில் இருக்கிறது.

1901-இல் அப்பாவைப் பார்க்கப் போன சிறுவன் அம்பேத்கர் மசூர் நிலையத்தில் இறங்கினார். ரயிலில் வந்தவரைக்கும் சிக்கல் இல்லை. சாதி தெரிந்ததும் நிலைய அதிகாரி முகம் மாறினார், மாட்டுவண்டிக்காரர்கள் மறுத்தார்கள். இரட்டிப்புக் கூலி கொடுத்து, வண்டியைச் சிறுவர்களே ஓட்டிப் போக வேண்டியிருந்தது. தண்டவாளம் முடிந்த இடத்தில் சாதி தொடங்கியது.

நிலையத்துக்குள்ளும் சாதி இருந்ததுதான். ரயில் நிலைய உணவகங்களில் பார்ப்பனர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெரியார் இயக்கம் போராடி, 1941-இல் அது ஒழிந்தது. அதே 1941-இல்தான் மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூர் போன குறுகிய ரயில் பாதையும் போர்க்காலத்தில் மூடப்பட்டது. பஞ்ச நிவாரணத்துக்காகப் போட்ட பாதை அது. மொரப்பூர் - தருமபுரி புதிய பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டினார்கள். ரயில் இன்னும் வரவில்லை.

கொரோனாவைச் சாக்கிட்டுப் பாசஞ்சர் ரயிலின் குறைந்தபட்சக் கட்டணத்தை 10 ரூபாயிலிருந்து 30 ரூபாயாக்கினார்கள். அது இறங்க 2024 ஆயிற்று. அந்த 20 ரூபாய் யார் கூலியிலிருந்து போனது என்று சொல்லத் தேவையில்லை.

முன்பதிவில்லாப் பெட்டியில் பக்கத்தில் உட்காருபவரை யாரும் தெரு கேட்டு உட்காருவதில்லை. ஊர்த் தேநீர்க் கடை தராத சமத்துவத்தை அந்த நெரிசல் தந்திருக்கிறது. அந்தப் பெட்டிகளைக் குறைப்பதும், சிறிய நிலையங்களில் நிறுத்தத்தை நீக்குவதும் வெறும் நிர்வாகக் கணக்கல்ல. சமூக நீதிக் கேள்வி.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. முன்பதிவில்லாப் பெட்டிகளைக் கூட்டு. பொம்மிடியிலும் மொரப்பூரிலும் கூடுதல் ரயில்களை நிறுத்து. ரயில் நேரத்துக்கு ஏற்ப, காலனிக்கும் சித்தேரி மலைக் கிராமங்களுக்கும் அரசுப் பேருந்து விடு. பேருந்து ஊரோடு நின்றுவிடக் கூடாது, சேரி வரை வர வேண்டும். ராத்திரி ரயிலில் இறங்கும் பெண் பிள்ளை, ஊர்த் தெரு வழியே யாருடைய தயவையும் நம்பி நடக்கக் கூடாது.

மசூரில் நின்ற வண்டி இன்னும் நம் ஊர் எல்லையில்தான் நிற்கிறது. அதை நகர்த்துவதுதான் நவீனமயம்.