சிறைக் கதவின் துவாரம்



இம்முறை அன்னா கத்தரினா என்ற பெண்ணைப் பற்றிப் பேசப் போகின்றேன். அமெரிக்கப் பத்திரிகைச் சுதந்திர வரலாற்றில் அவருடைய கணவர் யோன் பீற்றர் செங்கரின் பெயர்தான் பெரிதாக இருக்கும். எனக்கோ இவரின் நினைவுதான் வருகின்றது.

செங்கர் ஜேர்மனியின் பலத்தினேற் பகுதியைச் சேர்ந்தவர். யுத்தமும் 1709ஆம் ஆண்டின் கொடுங்குளிரும் அம்மக்களை இடம்பெயர வைத்தன. ஆயிரக்கணக்கானோர் லண்டனில் கூடாரங்களில் கிடந்தனர். அவர்களில் மூவாயிரம் பேரளவில் 1710இல் நியூயோர்க்கிற்குக் கப்பலேறினர். நூற்றுக்கணக்கானோர் வழியிலேயே இறந்தனர். செங்கரின் தந்தையும் கரைசேரவில்லை. தாய் யோகன்னா பிள்ளைகளுடன் தனியே இறங்கினார். 13 வயது மகன் எட்டு வருட ஒப்பந்தத்தில் ஓர் அச்சுக்காரரிடம் வேலை பழக விடப்பட்டான். பிள்ளையைக் கையளித்த அந்தத் தாய் என்ன நினைத்தாரோ!

1722இல் அன்னா செங்கரை மணந்தார். 1733இல் செங்கர் தொடங்கிய வாரப் பத்திரிகை ஆளுநர் கொஸ்பியைக் கடுமையாகக் கண்டித்தது. எழுதியவர்கள் பெயர் போடாத பெரிய மனிதர்கள். அகப்பட்டவரோ அச்சடித்தவர்! 1734 நவம்பர் 17இல் அவரைச் சிறையிலிட்டார்கள். பிணை 400 பவுண். அச்சுக் கருவிகளும் உடுப்பும் நீங்கலாகத் தன்னிடம் 40 பவுண்கூட இல்லை என்று அவர் சத்தியம் செய்தும் பயனில்லை.

முதல் சில நாட்கள் பேனாவுமில்லை, தாளுமில்லை, எவரையும் பார்க்கவும் விடவில்லை. அந்த வாரம் பத்திரிகை வரவில்லை. அந்த ஒரு வாரம் மட்டுந்தான். பிறகு சிறைக் கதவிலிருந்த துவாரத்தினூடாக மனைவியுடனும் வேலையாட்களுடனும் பேச அனுமதி கிடைத்தது. அவர் உள்ளேயிருந்து சொல்வதை அன்னா கேட்டுவந்து அச்சுவேலையை நடத்தினார். வீட்டில் பிள்ளைகள், முதல் தாரத்து மகனும் அவர்களில் ஒருவன். எட்டு மாதத்திற்கு மேலாகத் திங்கள்தோறும் பத்திரிகை வெளிவந்தது. இதை வாசித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன்.

1735 ஓகஸ்ட் 4இல் வழக்கு நடந்தது. பிலடெல்பியாவிலிருந்து வந்த முதிய வழக்கறிஞர் அன்ட்ரூ ஹமில்ற்றன் கூலி வாங்காமல் வாதாடினார். அச்சிட்டவை உண்மையாயின் குற்றமில்லை என்பதே அவர் வாதம். நீதிபதி அதை ஏற்கவில்லை. ஆனால் யூரிமார் சிறிது நேரத்திலேயே செங்கரைக் குற்றவாளியல்ல என்றனர்.

1746இல் செங்கர் இறந்தார். பத்திரிகை நிற்கவில்லை. அதன் அடியில், அச்சிட்டவர் என்ற இடத்தில், இப்போது விதவை கத்தரின் செங்கரின் பெயர் இருந்தது.