உடம்பு எரிவதற்கு வயது மட்டும் காரணமல்ல

கச்சான் காற்று வீசும் மாதங்களில் கல்முனைக் கரையோரத்தில் இரவு வந்தாலும் வீட்டுக்குள் வெக்கை தணிவதில்லை. பகல் முழுக்கச் சூடேறிய தகரமும் சீமெந்தும் நடுச்சாமம் வரை அனலாகவே இருக்கும். இப்படிப்பட்ட ஊரில் ஐம்பதை நெருங்கும் பெண்ணொருவர், இரவில் திடீரென்று உடம்பு எரிந்து வேர்த்துக் கொட்டுகிறது, உடுப்பு நனைந்து விழிப்பு வந்துவிடுகிறது என்று சொன்னால் காது கொடுத்துக் கேட்பவர்கள் குறைவு. எல்லோருக்கும்தானே வேர்க்கிறது என்பார்கள். அல்லது, இந்த வயதில் அப்படித்தான் என்பார்கள். அவர் ஏற்கெனவே தைரொயிட் குளிசை எடுப்பவராக இருந்தால் மூன்றாவது பதிலொன்றும் தயாராக இருக்கும்: அது தைரொயிட் சூடு. இந்த மூன்றில் ஏதாவது ஒன்று உண்மையாக இருக்கலாம். ஆனால் மூன்றுமே ஊகங்கள். நாலைந்து கேள்விகளும் ஓர் இரத்தப் பரிசோதனையும் பெருமளவு தீர்த்துவைக்கக்கூடிய விடயத்தை ஊகத்தில் விட்டுவிட்டு, பெண்களை வருடக்கணக்கில் உறக்கமின்றித் தவிக்கவிடுகிறோம். இது மாறவேண்டும். மாற்றுவதற்கான ஏற்பாடு நமது ஊர்களிலேயே இருக்கிறது.

முதலில், தைரொயிட் எரிவும் மாதவிடாய் நிற்கும் காலத்து எரிவும் ஒன்றல்ல. தைரொயிட் சுரப்பி அளவுக்கு மேல் சுரந்தால் உடம்பின் ஒவ்வொரு கலமும் வழமையைவிட வேகமாக வேலை செய்கிறது. அதனால் உண்மையிலேயே கூடுதல் வெப்பம் உண்டாகிறது. அந்தச் சூடு பகலிலும் இரவிலும் விடாது. கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், படுத்திருக்கும்போதும் நாடி வேகமாக ஓடும், நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு மெலியும், வயிறு இளகிப் போகும். மாதவிடாய் நிற்கும் காலத்து எரிவு வேறு வகை. ஈஸ்திரஜன் குறையும்போது மூளையில் உடற்சூட்டைக் கவனிக்கும் பகுதி கூருணர்வு கொண்டுவிடுகிறது. சூடு சற்றே ஏறினாலும் பெருஞ்சூடு வந்ததாக எண்ணி, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைத் திறந்துவிடுகிறது. நெஞ்சிலும் முகத்திலும் தொடங்கும் அந்த அலை சில நிமிடங்களில் அடங்கிவிடும்; பின்னால் குளிர் எடுப்பதும் உண்டு. இப்படிப் பிரித்துச் சொல்லலாமே தவிர, ஒரே பெண்ணிடம் இரண்டும் சேர்ந்து வரும்போது கேட்டறிவதால் மட்டும் பிரித்துவிட முடியாது. தைரொயிட் கோளாறு ஆண்களைவிடப் பெண்களுக்கே பல மடங்கு அதிகம். நடுவயதில் அது மேலும் கூடுகிறது. ஆகவே இரண்டும் ஒரே காலத்தில் வந்து சேர்வது அபூர்வமல்ல.

குளிசை எடுக்கும் பெண்களின் நிலை இன்னும் கவனத்துக்குரியது. நம்மிடையே தைரொயிட் என்று சொல்லிக் குளிசை எடுப்பவர்களில் பெரும்பாலானோருக்குச் சுரப்பு குறைவு. அவர்கள் எடுப்பது தைரொக்சின். சுரப்புக் குறைந்தால் உடம்பு குளிரும், சோரும், எரியாது. அப்படியானால் தைரொக்சின் எடுக்கும் ஒரு பெண்ணுக்கு உடம்பு எரிந்தால், தைரொயிட் சூடு என்ற பதில் அப்படியே பொருந்தாது. குளிசையின் அளவு அவருக்குக் கூடிப்போயிருக்கலாம், அல்லது மாதவிடாய் நிற்கும் காலம் தொடங்கியிருக்கலாம். அளவு கூடிவிட்டதா என்பதை ரி.எஸ்.எச். என்ற இரத்தப் பரிசோதனை காட்டிவிடும். அதைச் செய்யாமல், சூடு குளிசையால்தான் வருகிறது என்று தாமாகவே நிறுத்திவிடுவது மிக மோசமான முடிவு. தைரொக்சின் உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும். நிறுத்திய முதல் நாட்களில் கெடுதி எதுவும் தெரியாது. வாரங்கள் போன பிறகே சோர்வும் வீக்கமும் மலச்சிக்கலும் திரும்பி வரும். அதற்குள், குளிசை தேவையில்லை என்ற நம்பிக்கை உறுதியாகிவிட்டிருக்கும். எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. கூடுதலாகச் சுரக்கும் தைரொயிட்டை இந்த வயதின் தொல்லை என்று விட்டுவைத்தால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும், அதன் வழியாகப் பாரிசவாதம் வரக்கூடும், எலும்பு மெலியும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு எலும்பு ஏற்கெனவே மெலியத் தொடங்கியிருக்கும் என்பதை நினைத்தால் இந்தத் தாமதத்தின் விலை தெரியும். சுரப்பு கூடியவர்களுக்குக் கொடுக்கப்படும் கார்பிமசோல் குளிசை பற்றி ஒரு விடயத்தை வீட்டிலுள்ள எல்லோரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்: அதை எடுக்கும்போது காய்ச்சலோ கடும் தொண்டை நோவோ வந்தால் குளிசையை நிறுத்திவிட்டு அன்றே வைத்தியசாலைக்குப் போய் இரத்த வெள்ளணுக்களைப் பார்க்க வேண்டும்.

கடற்கரையில் இருந்து மீன் தின்னும் நமக்கு ஏன் தைரொயிட் வரப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அயடீன் குறைவால் கழுத்தில் கழலை வருவது இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில் நெடுங்காலம் பரவலாக இருந்தது. 1995 இல் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமாக்கப்பட்டது. ஆனால் இன்று காணும் கோளாறுகளில் பெரும்பங்கு அயடீன் குறைவால் வருவதல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே தாக்குவதால் வருவது. அதற்கு மீன் காவல் இல்லை.

இயற்கையாக வருவதை ஏன் நோயாக்க வேண்டும் என்பதே இந்த விடயத்தில் வலுவான ஆட்சேபம். மாதவிடாய் நிற்பது நோயல்ல என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் இயற்கை என்பதால் சுருக்கமாக முடிந்துவிடும் என்று நினைக்கக் கூடாது. அமெரிக்காவில் பல இனப் பெண்களை வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்றின் முடிவு 2015 இல் வெளியானது. அடிக்கடி எரிவு வந்த பெண்களுக்கு அது நீடித்த காலத்தின் நடுமதிப்பு 7.4 வருடங்கள். ஏழு வருடம் உறக்கம் கெட்ட ஒருவர் வீட்டையும் தொழிலையும் நோன்பையும் எப்படித் தாங்குவார்? மருதமுனையில் தறியில் இருக்கும் பெண்ணுக்கு உறங்காத இரவு மறுநாள் கூலியிலும் தெரியும். பிரசவ வலியும் இயற்கைதான். அதற்காக நாம் வைத்தியரைக் கூப்பிடாமல் இருப்பதில்லை. இந்த எரிவைத் தணிக்கும் ஹோர்மோன் சிகிச்சை பற்றிய பயம் 2002 இல் அமெரிக்காவில் பெரும் ஆய்வொன்று மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கண்டு இடைநிறுத்தப்பட்டதிலிருந்து பரவியது. அறுபதுக்குக் குறைந்த, வேறு தடையில்லாத பெண்களுக்கு நன்மை பெரும்பாலும் அபாயத்தைவிடக் கூடுதல் என்பது பின்னர் தெளிவானது. மார்பகப் புற்றுநோயோ இரத்தம் உறையும் நோயோ வந்தவர்களுக்கு அது பொருந்தாது. அவர்களுக்கு வேறு குளிசைகள் உண்டு. தைரொக்சினும் எடுப்பவர், வாயால் எடுக்கும் ஈஸ்திரஜனைத் தொடங்கினால் தைரொக்சின் அளவைக் கூட்டவேண்டி வரலாம். இந்த இரண்டு விடயங்களையும் தனித்தனி வைத்தியரிடம் தனித்தனியாகச் சொல்லக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

மின்விசிறி, பருத்தி உடுப்பு, படுக்கப்போகும்போது குளிர்ந்த நீர், இரவில் சூடான தேநீரைக் குறைத்தல் ஆகியவை ஆறுதல் தரும். செய்யலாம், கெடுதி இல்லை. எரிவின் எண்ணிக்கையை இவை குறைப்பதற்கான சான்று மட்டும் பலவீனம். ஹோர்மோன் அல்லாத வழிகளை ஆராய்ந்த வட அமெரிக்க மாதவிடாய் நிறுத்தச் சங்கம் 2023 இல், குளிரூட்டும் முறைகளைவிட எண்ணப்போக்கைப் பழக்கும் உளவியல் பயிற்சிக்கும் எடை குறைப்புக்கும் சான்று இருப்பதாகச் சொன்னது. ஓதிப் பார்க்கும் பெண்ணுக்கு அது தரும் மனநிம்மதியை நான் மறுக்கவில்லை. ஓதிய தண்ணீரோடு இரத்தப் பரிசோதனையும் சேரட்டும். இரவு வேர்வைக்கு வேறு காரணங்களும் உண்டு. நீரிழிவுக் குளிசையோ இன்சுலினோ எடுப்பவருக்கு இரவில் சீனி இறங்கினால் வேர்க்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் மெலிவும் காய்ச்சலும் சேர்ந்தால் சயரோகத்தைப் பார்க்க வேண்டும்.

செலவு என்ற ஆட்சேபம் நியாயமானது. அறிகுறி எதுவும் இல்லாதவர்கள் எல்லோரையும் தைரொயிட்டுக்குச் சோதிக்கப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் செயலணி 2015 இல் கூறியது. நான் கேட்பதும் எல்லோரையும் சோதிக்கச் சொல்லி அல்ல. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக் நடக்கிறது. முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரத்த அழுத்தம், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியவை அங்கே பார்க்கப்படுகின்றன. அங்கே நாற்பது தாண்டிய ஒவ்வொரு பெண்ணிடமும் இரவு உறக்கத்தைப் பற்றியும் வேர்வையைப் பற்றியும் கட்டாயம் கேட்க வேண்டும். ஆம் என்பவரின் கழுத்தையும் நாடியையும் பார்த்து, கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்கோ ரி.எஸ்.எச். பரிசோதனைக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனை மனம் வைத்தால் இதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், புதிய பதவியும் வேண்டாம். ஆண் வைத்தியரிடம் இதைச் சொல்ல வெட்கம் என்பார்கள். குழந்தை பிறந்த வீட்டுக்கு வந்துபோகும் மிட்வைஃபிடம் நமது பெண்கள் சொல்லாத விடயம் எது? அந்தக் கேள்வியை அவர் கேட்டாலே போதும்.

நோன்பு காலத்துக்கு ஏற்பாடு தனியாக வேண்டும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு விடுபடும் நாட்கள் இல்லை. மாதம் முழுதும் நோற்பார். தைரொக்சினை வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரோடு எடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே சாப்பிட வேண்டும். கல்சியம், இரும்புக் குளிசைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மற்ற மாதங்களில் சுபஹுக்கு எழும்போது குளிசையை எடுத்து, தொழுது முடித்துப் பிளேன்டீ குடித்தால் இது தானாக அமைந்துவிடும். நோன்பில் சஹர் சாப்பாட்டுக்கு முன் அந்த இடைவெளி பலருக்குக் கிடைப்பதில்லை. குளிசையும் சோறும் ஒன்றாகப் போகின்றன. படுக்கும் முன் எடுத்தாலும் குளிசை நன்றாக வேலை செய்யும் என்று நெதர்லாந்து ஆய்வொன்று 2010 இல் காட்டியிருக்கிறது. இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தால் சரி. தராவீஹ் முடிந்து உறங்கப்போகும் பெண்ணுக்கு இது இயலும், அதன்பின் எதையும் சாப்பிடாவிட்டால். சுரப்பு கட்டுக்குள் வராமல் நெஞ்சு படபடத்து வேர்ப்பவர், நோற்கலாமா என்பதை வைத்தியரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும். நோயாளிக்கு நாட்களைப் பிற்போடும் சலுகை மார்க்கத்திலேயே இருக்கிறது. நேரத்தையோ அளவையோ மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் ரி.எஸ்.எச். சரியான நிலையைக் காட்டும். அதனால் கிளினிக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டிய காலம் நோன்பின் முதல் வாரமல்ல, அதற்கு இரண்டு மாதம் முந்திய ரஜப் மாதம்.