வல்லான் வகுத்த வாய்க்கால்

ஆடுகளத்தில் தோற்றால் புள்ளி போகும். அது ஆட்டத்தின் விதி. கணக்குப் புத்தகத்தில் தோற்றாலும் புள்ளி போகும் என்கிறது இங்கிலாந்தின் பிரிமியர் லீக். 2023 நவம்பரில் லிவர்பூல் நகரத்து எவர்ட்டன் கிளப்பிடமிருந்து ஒரே வீச்சில் 10 புள்ளிகளைப் பறித்தார்கள். அப்பீல் செய்த பிறகு, 2024 பிப்ரவரியில் அது 6 ஆகக் குறைந்தது. ஏப்ரலில் மறுபடியும் 2 போயிற்று. இடையில் மார்ச் மாதம் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கிளப்புக்கு 4 புள்ளி வெட்டு.

குற்றம் என்ன? நடுவருக்கு லஞ்சம் கொடுத்தார்களா? ஆட்டத்தை விலை பேசி விற்றார்களா? இல்லை. அனுமதித்த அளவுக்கு மேல் நஷ்டம் காட்டினார்கள், அதுதான் குற்றம்!

பந்தாட்டத்துக்கெல்லாம் ஒரு தலையங்கமா என்று சிலர் கேட்கலாம். கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வோம். இந்த ஆட்டத்தை வளர்த்தவர்கள் சீமான்கள் அல்லர். இன்று மான்செஸ்டர் யுனைட்டெட் என்று உலகம் கொண்டாடுகிற கிளப்பை 1878-ல் தொடங்கியவர்கள் ரயில்வேத் தொழிலாளர்கள். 1886-ல் ஆர்சனலைத் தொடங்கியவர்கள் ஊலிச் ஆயுதச் சாலைத் தொழிலாளர்கள். வெஸ்ட் ஹாம் பிறந்தது தேம்ஸ் நதிக்கரையின் கப்பல் கட்டும் பட்டறையில். உழைப்பவன் தன் ஓய்வு நாளில் உண்டாக்கிய சொத்து இது. அந்தச் சொத்துக்கு இப்போது யார் சட்டம் எழுதுகிறார்கள், யாருக்காக எழுதுகிறார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

முதலில் விதியைப் பார்ப்போம். 2013-ல் கொண்டுவந்த இந்த விதிப்படி, ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் 10.5 கோடி பவுன் வரை நஷ்டப்படலாம். அதற்கு மேல் போனால் தண்டனை. எவர்ட்டன் அந்தக் கோட்டை 1.95 கோடி பவுன் தாண்டியது என்பதுதான் முதல் வழக்கு.

செலவுக்கு ஒரு வரம்பு வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடு கிடையாது. வரம்பில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு பரி என்ற ஊரே சாட்சி. லங்காஷயரின் பஞ்சாலை ஊர் அது. 1885-ல் தோன்றிய அதன் கிளப், 1900-லும் 1903-லும் இங்கிலாந்துக் கோப்பையை வென்றது. 2018 டிசம்பரில் அந்தக் கிளப் ஒரே ஒரு பவுனுக்குக் கைமாறியது. மறு ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் தேதி லீக்கிலிருந்து வெளியே தள்ளப்பட்டது. அன்று காலைகூட ஊர் மக்கள் திரண்டு வந்து, துடைப்பமும் வாளியுமாக மைதானத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். எப்படியும் கிளப் பிழைத்துவிடும் என்ற நம்பிக்கை! இரவு வந்தது தீர்ப்பு. கடன் வாங்கியவர்கள் ஒருபக்கம் போனார்கள். கண்ணீர் மட்டும் ஊருக்கு மிஞ்சியது. 134 ஆண்டுக் காலக் கிளப்பை மைதானத்தில் அல்ல, கணக்கில் கொன்றார்கள். ஆகவே முதலாளிகளின் ஊதாரித்தனத்துக்குக் கடிவாளம் வேண்டும். வேண்டவே வேண்டும்.

ஆனால் கடிவாளம் எந்தக் குதிரையின் வாயில் மாட்டப்படுகிறது? நொண்டிக் குதிரையின் வாயில் மட்டும் மாட்டிவிட்டு, கொழுத்த குதிரையைக் கொல்லையில் மேயவிட்டால் அதற்குப் பெயர் கட்டுப்பாடா?

விதியின் உள்ளே நுழைந்து பாருங்கள். 10.5 கோடி பவுன் நஷ்டம் எல்லாருக்கும் அல்ல. முதலாளி தன் பையிலிருந்து 9 கோடியை மூலதனமாகப் போட முடிந்தால்தான் அந்தச் சலுகை. போட முடியாத கிளப்புக்கு வரம்பு 1.5 கோடி மட்டுமே. அதாவது, இருப்பவன் ஏழு மடங்கு நஷ்டப்படலாம். இல்லாதவன் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்று நம் கிராமத்தில் சொல்வார்களே, அந்த வாய்க்கால் இதுதான்.

அடுத்து, வழக்கு நடக்கும் வேகம். எவர்ட்டன் மீது 2023 மார்ச்சில் குற்றச்சாட்டு, நவம்பரில் தீர்ப்பு. ஃபாரஸ்ட் மீது 2024 ஜனவரியில் குற்றச்சாட்டு, மார்ச்சில் தீர்ப்பு. மான்செஸ்டர் சிட்டி மீது 2023 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள். விசாரணை தொடங்கவே 2024 செப்டம்பர் ஆயிற்று. அந்தக் கிளப் எல்லாவற்றையும் மறுத்திருக்கிறது. அது குற்றவாளி என்று நாம் சொல்லவில்லை. தீர்ப்புக்கு முன் யாரையும் தூற்றுவது நமது வழக்கமும் அல்ல. பல ஆண்டுக் கணக்குகளைப் புரட்ட வேண்டிய பெரிய வழக்கு என்பதும் உண்மைதான். ஆனால், பெரிய வழக்கறிஞர் படையை அமர்த்தக்கூடியவனுக்குக் காலம் கனிகிறது, அமர்த்த முடியாதவன் தலையில் இரண்டே மாதத்தில் இடி விழுகிறது என்றால், பார்க்கிறவன் என்ன நினைப்பான்? நீதி நடந்தால் மட்டும் போதாது. நடப்பது கண்ணுக்கும் தெரிய வேண்டும்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். செல்சி கிளப் தன் மைதானத்தை ஒட்டிய இரண்டு ஹோட்டல்களை 7.65 கோடி பவுனுக்கு விற்றது. யாருக்கு? தன் முதலாளிகளின் மற்றொரு கம்பெனிக்கு! இடது பையில் இருந்ததை வலது பைக்கு மாற்றி, அதை வரவு என்று எழுதினார்கள். லீக்கின் விதி அதை அனுமதித்தது. இந்த ஓட்டையை அடைக்க 2024 ஜூனில் ஒரு யோசனை வந்தது. 20 கிளப்புகளில் 14 வாக்கு வேண்டும், கிடைக்கவில்லை. ஐரோப்பியக் கால்பந்துச் சம்மேளனம் இப்படிப்பட்ட விற்பனையை வருமானமாக ஏற்பதில்லை. 2025 ஜூலையில் அந்தக் கிளப்புக்கு 3.1 கோடி யூரோ அபராதம் போட்டது. ஒரே கணக்கு, ஓரிடத்தில் சாமர்த்தியம், ஓரிடத்தில் குற்றம்!

ஹோட்டல் இல்லாத கிளப் எதை விற்கும்? தான் வளர்த்த பிள்ளையை விற்கும். விலை கொடுத்து வாங்கிய ஆட்டக்காரனை விற்றால், வாங்கிய விலையில் எழுதித் தீராத பாக்கியைக் கழித்தது போகத்தான் லாபம். சிறுவனாக வந்து பயிற்சிக் கூடத்தில் வளர்ந்தவனை விற்றாலோ, அத்தனையும் லாபம். எனவே சொந்த ஊர்ப் பையனைத்தான் முதலில் சந்தைக்கு ஓட்டுகிறார்கள். நியூகாசில் தன் பயிற்சிக் கூடத்தில் வளர்ந்த எலியட் ஆண்டர்சனை 2024-ல் ஜூன் 30 என்ற கணக்குக் கெடு நெருங்கியபோது விற்றது. ஊரும் கிளப்பும் ஒன்று என்று சொல்ல எஞ்சியிருந்த கயிறு, அந்த ஊர்ப் பையன். கணக்குச் சரிக்கட்ட அந்தக் கயிற்றைத்தான் அறுக்கச் சொல்கிறது விதி.

இப்போது விதியை மாற்றுகிறோம் என்கிறார்கள். 2025 நவம்பரில் லீக் செய்த முடிவுப்படி, 2026-27 பருவத்திலிருந்து ஒரு கிளப் தன் வருமானத்தில் 85 சதவீதம் வரை ஆட்டக்காரர்களுக்காகச் செலவிடலாம். கேட்கச் சமத்துவம் போலத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கோடி வருமானம் உள்ளவன் 51 கோடி செலவிடலாம். 15 கோடி உள்ளவன் 12.75 கோடிதான் செலவிடலாம். சதவீதம் ஒன்று, தட்டில் விழும் சோறு ஒன்றா? நேற்று வென்றவனுக்கு இன்று வருமானம். இன்று வருமானம் உள்ளவனுக்கு நாளை வெற்றி. இது ஏணி அல்ல. மேலே ஏறியவன் இழுத்துக்கொண்ட ஏணி. ஒரு காலத்தில் டிக்கெட் வசூலில் விருந்தாளிக் கிளப்புக்கும் பங்கு கொடுத்தார்கள். 1983-ல் அந்த வழக்கத்தையும் ஒழித்துக் கட்டினார்கள்.

"அப்படியானால் எந்த வரம்பும் வேண்டாம், எண்ணெய்ப் பணம் கொட்டட்டும், எவனும் வாங்கட்டும் என்கிறீர்களா?" என்று கேட்பார்கள். இல்லை. ஒரு சீமானின் ஆதிக்கத்தை உடைக்க இன்னொரு சீமானை அழைப்பது, பாம்பை விரட்டப் புலியை வீட்டுக்குள் விடுவதாகும்.

"ஆட்டக்காரனின் கூலிக்கு உச்சவரம்பு போட்டுவிட்டால் எல்லாம் சமமாகிவிடுமே" என்று வேறு சிலர் சொல்வார்கள். தோழர்களே, இங்கேதான் விழிப்பு வேண்டும். அந்த உச்சவரம்பும் அங்கே இருந்து பார்த்ததுதான். 1901-ல் வாரத்துக்கு 4 பவுன் என்று தொடங்கியது. 1961-ல் 20 பவுனில் நின்றது. அறுபது ஆண்டுகள்! மைதானம் நிரம்பி வழிந்தது, பணம் கிளப்புக்குப் போயிற்று, உழைத்தவனுக்கு 20 பவுன். ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் சங்கம் வேலைநிறுத்தம் செய்வோம் என்று எழுந்து நின்ற பிறகுதான், 1961 ஜனவரியில் அந்த விலங்கு உடைந்தது. இன்று புதிதாக ஒரு திட்டம் வந்தது: கடைசி இடத்துக் கிளப் பெறும் தொலைக்காட்சி, பரிசுப் பணத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் எவரும் செலவிடக் கூடாது என்று. இடைவெளியைக் குறைக்கும் நல்ல நோக்கம் அதில் இருந்தது. ஆனாலும் சங்கம் எதிர்த்தது. 2025 நவம்பரில் கிளப்புகளும் அதை நிராகரித்தன. கூலிக்கு மட்டும் கூரை, முதலாளியின் லாபத்துக்குக் கூரை இல்லை என்றால் தொழிற்சங்கம் வேறென்ன செய்யும்?

எனவே நமது கருத்து இது. வரும் பணத்தை முதலில் சமமாகப் பங்கிடுங்கள். வரம்பைப் பிறகு பேசுங்கள். தனக்குத் தானே விற்றுக்கொள்வதை வரவில் சேர்க்காதீர்கள். எந்தக் கிளப்பின் வழக்காக இருந்தாலும் தீர்ப்புக்குக் கெடு வையுங்கள். நஷ்டம் செய்த முதலாளியைத் தண்டியுங்கள். டிக்கெட் வாங்கி மழையில் நனைந்தவனின் புள்ளியைப் பறிக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊர் மக்களுக்கு நிர்வாகத்தில் வாக்குரிமை கொடுங்கள். ஜெர்மனியில், சில விதிவிலக்குகள் தவிர, கிளப்பின் பாதிக்கு மேற்பட்ட வாக்கு உறுப்பினர்களுடையது. அங்கே ஆட்டம் அழிந்துவிடவில்லை. இங்கிலாந்திலும் 2025 ஜூலையில் சட்டம் நிறைவேறி, சுதந்திரமான ஒரு கண்காணிப்பு அமைப்பு வந்திருக்கிறது. கண்காணிப்பவர் யார் பக்கம் நிற்பார் என்பதுதான் கேள்வி.

பரி ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. வாளியும் துடைப்பமும் ஏந்திய அதே கைகள் ஒன்று சேர்ந்தன. 2023-ல் பரி கிளப் மறுபடியும் தன் பழைய மைதானத்தில் ஆடத் தொடங்கியது. சீமான் ஒரு பவுனுக்கு வாங்கித் தொலைத்ததைச் சாமானியன் மீட்டான். உண்டாக்கியவன் கையில்தான் காப்பாற்றும் வலிமையும் இருக்கிறது. சட்டம் எழுதும் பேனாவும் அந்தக் கைக்கு வரட்டும். வாய்க்கால் அப்போதுதான் கடைமடைக்கும் போகும்!