ரெடிமேடு புராஜெக்டும் எங்கள் ரேடியோவும்



மலருக்கு ஏதாவது எழுதச் சொன்னார்கள். கவிதை எனக்கு வராது. எனவே கடந்த 6 மாதமாக மனசுக்குள் குமுறிக்கொண்டிருக்கும் ஒரு கருத்தை எழுதுகிறேன். சிலருக்குக் கோபம் வரலாம். வந்தால் நல்லது, கோபத்தோடு கடைசி வரி வரை படியுங்கள்.

ஆறாம் செமஸ்டர் வந்துவிட்டால் நம் வராந்தாவில் ஒரே கேள்விதான். "மச்சான், புராஜெக்ட் எங்கடா வாங்குன?" எப்படிச் செய்தாய் என்று யாராவது கேட்கிறார்களா? கத்தரிக்காய் வாங்குவது போல புராஜெக்ட்டையும் வாங்கப் பழகிவிட்டோம். ரிப்போர்ட், பைண்டிங், வைவாவில் சொல்ல வேண்டிய பதில் எல்லாம் சேர்த்து ஒரே பார்சல்!

நானும் யோக்கியன் இல்லை. எங்கள் குழுவில் மூன்று பேர். ஒரு கடையில் 9,000 ரூபாய் கேட்டார்கள். என் பங்கு 3,000. அப்பாவிடம் கேட்டேன். அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். படிப்புக்கு என்று கேட்டால் இல்லை என்று அவர் சொன்னதே கிடையாது. அன்றைக்கும் இல்லை என்று சொல்லவில்லை. ஒன்று மட்டும் கேட்டார்: "சரிப்பா, தர்றேன். அதுல உன் வேலை என்ன?"

பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த நாள் காலையில் நண்பர்களிடம், "நாமே செய்வோம்டா" என்றேன். இருவரும் சிரித்தார்கள். ஆனாலும் வந்தார்கள்.

என்ன செய்தோம்?

மென்பொருள் வானொலி. சாதாரண ரேடியோவில் அலையைப் பிரிப்பது, வடிகட்டுவது, ஒலியாக மாற்றுவது எல்லாமே கம்பிச்சுருள், மின்தேக்கி, ஐ.சி.க்களின் வேலை. மென்பொருள் வானொலியில் அந்த வேலைகளில் பெரும்பகுதியைக் கம்ப்யூட்டர் கணக்காகப் போட்டுவிடுகிறது. 'சாஃப்ட்வேர் ரேடியோ' என்ற பெயரை 1991-இல் பயன்படுத்திப் பிரபலமாக்கியவர் ஜோசப் மிட்டோலா. அன்று அது பெரிய ஆராய்ச்சிக்கூடங்களின் சமாச்சாரம். 2012-இல் நிலைமை மாறியது. கம்ப்யூட்டரில் டி.வி. பார்க்க விற்கும் சின்ன யு.எஸ்.பி. டாங்கிளுக்குள் இருக்கும் ஆர்.டி.எல்.2832யு என்ற சில்லிலிருந்து கச்சா மாதிரிகளை அப்படியே வெளியே எடுக்கலாம் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். அதன்பின் நம்மைப் போன்றவர்கள் கைக்கும் அது எட்டியது. நாங்கள் ஒரு பழைய டாங்கிளை மூவரும் காசு போட்டு வாங்கினோம்.

டாங்கிள் நொடிக்கு 24 லட்சம் மாதிரிகளைக் கொட்டுகிறது. அதைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் 2,40,000. அடுத்தடுத்த இரண்டு மாதிரிகளுக்கு இடையே கோணம் எவ்வளவு மாறியது என்று பார்த்தால் அதுவே எஃப்.எம். ஒலி. மறுபடி ஐந்தில் ஒன்றாகக் குறைத்தால் 48,000. சவுண்டு கார்டுக்கு அது தோதான எண். மூன்றாம் செமஸ்டரில் மனப்பாடம் செய்து மறந்த பாடம் தான் இது! கணக்குப் பகுதி ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. ஒலியை ஸ்பீக்கர் வரை கொண்டு வருவதற்குத்தான் ஒன்றரை மாதம் பிடித்தது.

ஏன்? எங்கள் மூவரின் கம்ப்யூட்டரும் மூன்று ஜாதி. என்னிடம் இருப்பது பெரியம்மா மகள் பன்னிரண்டாம் வகுப்பில் வாங்கிய அரசு இலவச மடிக்கணினி. அதில் லினக்ஸ் போட்டிருக்கிறேன். ஒருவனிடம் விண்டோஸ். மூன்றாமவனுக்குச் சொந்தக் கம்ப்யூட்டரே கிடையாது. அவனுக்கு லேபில் இருப்பதுதான். லினக்ஸில் ஒலிக்கு ஆல்சா என்ற வழி. விண்டோஸில் எம்.எம்.இ., டைரக்ட்சவுண்டு, வாசாபி என்று பல வழிகள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக நிரல் எழுத யாரால் முடியும்?

இந்த இடத்தில்தான் போர்ட்ஆடியோ கைகொடுத்தது. ராஸ் பென்சினா, ஃபில் பர்க் இருவரும் உலகுக்கு அறிமுகம் செய்த ஒலி நூலகம் அது. ஒரே நிரலை எழுதினால் போதும். அடியில் இருப்பது லினக்ஸா, விண்டோஸா, மேக்கா என்று அது பார்த்துக்கொள்ளும். நம்மில் பலர் பாட்டு வெட்டி ஒட்டப் பயன்படுத்தும் ஆடாசிட்டியும் அதன் மேல்தான் நிற்கிறது. இலவசம், மூல நிரலும் திறந்தே கிடக்கிறது.

இலவசம்தான். ஆனால் சும்மா வந்துவிடவில்லை!

பட்ட அடிகள்

முதல் அடி. மூல நிரலை இறக்கி என் மடிக்கணினியிலேயே கம்பைல் செய்தேன். பிழை ஒன்றுகூட இல்லை. ஓடவிட்டு, 'எத்தனை ஒலிச் சாதனம் இருக்கிறது' என்று கேட்டால் பதில் சைபர்! இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டோம். காரணம் என்ன தெரியுமா? ஆல்சாவுக்கான டெவலப்மெண்ட் கோப்புகளை முன்கூட்டியே நிறுவியிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் போர்ட்ஆடியோ சண்டை போடாது. ஆல்சா இல்லாமலேயே சமர்த்தாக உருவாகிவிடும். கான்ஃபிகர் முடிந்ததும் திரையில் ஒரு பட்டியல் வந்தது. அதில் ஆல்சாவுக்கு நேரே 'இல்லை' என்று தெளிவாகவே போட்டிருந்தது. நாங்கள்தான் படிக்கவில்லை. அப்பாவிடம் சொன்னேன். "மட்டம் பாக்காம கல்லு வச்சா மூணாவது வரியில தெரிஞ்சிரும். இதுல அதுகூட தெரியாது போலயே" என்றார்.

இரண்டாம் அடி விண்டோஸில். அங்கே நேர்மாறு. இருப்பது ஒரே சவுண்டு கார்டு. பட்டியலில் அது நாலைந்து முறை வந்து நிற்கிறது! ஒவ்வொரு வழிக்கும் ஒரு தரம் பதிவாகிறது என்று பிறகுதான் புரிந்தது. வாசாபி வழியைத் தேர்ந்தெடுத்தோம். 'சாம்பிள் ரேட் செல்லாது' என்றது. அந்தக் கணினியின் ஒலி அமைப்பு 44,100-இல் இருந்தது. நாங்கள் கேட்டது 48,000. முதலில் அமைப்பை மாற்றிச் சமாளித்தோம். பிறகு, 'உனக்கு எந்த ரேட் வசதி' என்று கார்டிடமே கேட்டு நடக்கும்படி நிரலைத் திருத்தினோம். அடுத்தவர் வீட்டுக்குப் போனால் அங்கே போடுவதைச் சாப்பிட வேண்டும் அல்லவா!

மூன்றாம் அடிதான் பெரியது. சத்தம் வந்தது, ஆனால் கடகடவென்று உடைந்து வந்தது. கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலை காலியாவதற்குள் சோறு விழ வேண்டும். போர்ட்ஆடியோ ஒவ்வொரு தடவையும் 1,024 மாதிரி கேட்கிறது. 48,000 வேகத்தில் அது 21 மில்லிசெகண்டுச் சாப்பாடு. அதற்குள் அடுத்தது வராவிட்டால் இலை காலி, ஒலியில் ஓட்டை. நாங்கள் செய்த முட்டாள்தனம், பரிமாறுகிறவனையே அடுப்படிக்கு அனுப்பிச் சமைத்து வரச் சொன்னது! கேட்கும்போது ஓடிவரும் அந்த கால்பேக் என்ற பகுதிக்குள்ளேயே எல்லாக் கணக்கையும் போட்டோம். கோப்பில் வேறு எழுதினோம். செய்யவே கூடாது. சமையல் தனியாக நடக்க வேண்டும். நடுவில் ஒரு வாளி; அதற்கு ரிங் பஃபர் என்று பெயர். பரிமாறுகிறவன் வாளியிலிருந்து எடுத்து வைப்பதோடு சரி.

அதுவும் சரியான பிறகு, சுமார் 7 நிமிடத்துக்கு ஒரு முறை 'டிக்' என்று ஒரு சத்தம். பேய் பிடித்ததோ என்று நினைத்தோம். காகிதத்தில் கணக்குப் போட்டதும் பேய் ஓடிவிட்டது. டாங்கிளுக்கு ஒரு படிகம், சவுண்டு கார்டுக்கு வேறு படிகம். இரண்டு கடிகாரமும் அச்சாக ஒன்றுபோல் ஓடாது. பத்து லட்சத்துக்கு 50 வித்தியாசம் என்றால் 48,000-க்கு நொடிக்கு 2.4 மாதிரி. 1,024 மாதிரி பாக்கி விழ ஏறக்குறைய 427 நொடி. அதாவது 7 நிமிடம்! வாளி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்த்து, மாற்று விகிதத்தை நூலளவு கூட்டிக் குறைத்தோம். 'டிக்' நின்றது.

நண்பர்களே, அந்த 427 என்ற எண் காகிதத்தில் விழுந்தபோது எங்களுக்கு வந்த சந்தோஷத்தை எந்தக் கடை 9,000 ரூபாய்க்கு விற்கும்?

அப்பா கேட்ட ரேடியோ

100.5 மெகா ஹெர்ட்ஸ். கோடைக்கானல் பண்பலை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அது கேட்காத டீக்கடை இல்லை. அதன் அலைநீளம் சுமார் 3 மீட்டர். கால் பங்கு 75 சென்டிமீட்டர். வேலைக்குக் கொண்டுபோகும் டேப்பை எடுத்து அப்பாவே செம்புக்கம்பியை அளந்து வெட்டித் தந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை திண்ணையில் வைத்து ஓடவிட்டேன்.

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நம்ம ரேடியோப் பொட்டியிலயும் இதானப்பா வருது?" என்றார்.

ஆமாம், இதுதான் வருகிறது. ஆனால் அந்தப் பெட்டிக்கு எஃப்.எம்.மைத் தவிர வேறு தெரியாது. இதில் நிரலை மாற்றினால் விமானங்கள் தங்கள் இருப்பிடத்தைச் சொல்லும் 1,090 மெகா ஹெர்ட்ஸ் வரை கேட்கலாம் என்று விளக்கினேன். (ஒலிபரப்புவதற்கு உரிமம் வேண்டும், நாங்கள் கேட்க மட்டுமே செய்கிறோம்.) அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஆனால் அன்று கேட்ட கேள்வியை மறக்கவில்லை. "இதுல உன் வேலை என்ன?" என்றார் மறுபடி. இந்த முறை அரை மணி நேரம் பதில் சொன்னேன்.

என் கருத்து

'எல்லாவற்றையும் நிறுவி முடித்தபிறகுதான் படிப்பு ஆரம்பம்' என்று நினைக்கிறோம். தவறு. நிறுவுவதே படிப்பு. ஒரு நூலகத்தை மூன்று விதக் கம்ப்யூட்டரில் நிற்க வைத்ததில், மூன்று வருட நோட்ஸில் கிடைக்காதது எங்களுக்குக் கிடைத்தது.

'வேலைதான் முக்கியம், மார்க் வந்தால் போதும்' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நேர்முகத் தேர்வில் எதிரே உட்காருகிறவர் கேட்கப்போவதும் அப்பா கேட்ட அதே கேள்விதான். மாலையில் பார்ட் டைம் வேலைக்குப் போகும் நண்பர்கள், 'எங்களுக்கு நேரம் எங்கே?' என்பார்கள். அது நியாயம். எங்கள் மூன்றாமவன் ராத்திரி 10 மணி வரை மொபைல் கடையில் நிற்கிறவன்தான். அவனுக்குக் குறையாக இருந்தது நேரத்தைவிட லேப்தான். 4:30 மணிக்கு அது பூட்டப்படுகிறது. பூட்டுவதற்கு முன்னால் போனாலும் எதையும் நிறுவ அனுமதி கிடையாது.

ஆகவே நம் சங்கத்தின் முன் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். ஒன்று, லேபில் இரண்டு கம்ப்யூட்டரையாவது மாணவர்கள் தாங்களே நிறுவி, கெடுத்து, மறுபடி சரிசெய்து பழக ஒதுக்கித் தரும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். வாரத்தில் இரண்டு நாளாவது மாலை 6 மணி வரை திறந்திருக்கட்டும். இரண்டு, மலர் விளம்பரத்தில் மிஞ்சும் பணத்தில் ஒரு டாங்கிள் வாங்கி வையுங்கள். மூன்று, லேபில் ஒரு நீள நோட்டு. அவரவர் பட்ட பிழையையும் அது தீர்ந்த விதத்தையும் தமிழில் எழுதி வைக்க வேண்டும். முதல் நான்கு பக்கத்தை நாங்கள் எழுதிவிட்டோம். ஆல்சா சமாச்சாரம் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த வருடம் வரும் தம்பி தங்கைகள் அந்த இரண்டு நாளை வீணாக்க வேண்டாம். வேறு புது அடி படட்டும்!

கடைசியாக ஒன்று. முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். நம் வீட்டில் யாரும் எதையும் ரெடிமேடாக வாங்கி முன்னேறவில்லை. சுவரைக் கட்டியவரின் பிள்ளை, கட்டிய சுவரை விலைக்கு வாங்கி 'நான் கட்டினேன்' என்று சொல்லலாமா?



– மூன்றாம் ஆண்டு மாணவன்,
மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை