கீறலைத் தொடுறதுக்கு முன்னாடி பிளாஸ்டிக்கோட பேரைக் கேளுங்க

போன செமஸ்டர் லீவுல எங்க அப்பாவோட கார் டேஷ்போர்டை நான் கெடுத்து வெச்சேன்.

அப்பா கால் டாக்ஸி ஓட்டுறார். செகண்ட் ஹேண்டுல வாங்கின சின்ன கார். நாலு வருஷமா டேஷ்போர்டு நடுவுல ஒரு குட்டிப் பிள்ளையார் டபுள் சைடு டேப்புல உட்கார்ந்திருந்தார். வெயில்ல டேப் இளகி அவர் ஒரு பக்கமா சாய ஆரம்பிச்சுட்டார். "புது டேப் போட்டு ஒட்டி வைடா"ன்னு சொல்லிட்டு, நைட் ஓட்டின அசதியில அப்பா தூங்கப் போயிட்டார். நான் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து பழைய பசையைச் சுரண்டினேன். பசை போச்சு. கூடவே வெள்ளை வெள்ளையா நாலு கீறல் வந்துச்சு.

பதறிப் போய் வீடியோ பார்த்தேன். ஒருத்தர் டூத்பேஸ்ட் தேய்க்கச் சொன்னார். தேய்ச்சேன். பேஸ்ட் டேஷ்போர்டு மேல இருக்கிற சொரசொரப்புக்குள்ள போய் உட்கார்ந்துக்கிச்சு. இன்னொருத்தர் உப்புத்தாள் போடச் சொன்னார். வீட்டுல இருந்த 400 நம்பர் தாளைப் போட்டேன். நாலு கீறலும் போச்சு. அதுக்குப் பதிலா உள்ளங்கை அகலத்துக்கு வெளிறின ஒரு திட்டு, மேலே நூல் நூலா பிசிறு.

அப்பா எழுந்து வந்து பார்த்தார். "மெக்கானிக்கல் தானேடா படிக்கிற?"ன்னு மட்டும் கேட்டார். திட்டியிருந்தா பரவாயில்லைன்னு தோணுச்சு. கடையில விசாரிச்சோம். பேனலையே கழட்டி மாத்தணும், வண்டி ரெண்டு நாள் நிக்கணும்னாங்க. வண்டி நின்னா வருமானமும் நிக்கும். "வேண்டாம், விடு"ன்னுட்டார்.

அதனால இதைப் படிக்கிற உங்ககிட்ட நான் சொல்ல வர்றது இதுதான். டேஷ்போர்டு கீறலை வீட்டுலேயே கவனிக்கலாம், அதுல தப்பே இல்லை. ஆனா அது என்ன மெட்டீரியல்னு தெரியாம கை வைக்காதீங்க. முக்கியமா, இன்ஜினியரிங் படிக்கிற நாம தெரியாம கை வைக்கிறது ரொம்பவே தப்பு.

ரெண்டாவது வருஷம் பாலிமர் பத்தி பக்கம் பக்கமா எழுதினோம். பாலிப்ரொப்பிலீன், ஏபிஎஸ், பிவிசின்னு பண்புகளை டேபிள் போட்டு மார்க் வாங்கினோம். கண்ணு முன்னாடி இருக்கிற டேஷ்போர்டு அதுல எதுன்னு கேட்டா? எனக்குத் தெரியலை. ஆனா பதில் அந்த வண்டியிலேயே எழுதியிருந்துச்சு. கழட்ட முடியிற பிளாஸ்டிக் பாகங்களோட பின்பக்கம், ரெண்டு அம்புக்குறிக்கு நடுவுல சின்ன எழுத்துல மெட்டீரியல் பேர் இருக்கும். எங்க கார்ல கிளவ் பாக்ஸ் கதவுக்குப் பின்னாடி 'பிபி-டிடி20'ன்னு இருந்துச்சு. அதாவது பாலிப்ரொப்பிலீன், அதுல 20 சதவீதம் டால்க் பொடி. விலை குறைஞ்ச கார்கள்ல இந்தக் கடினமான பிளாஸ்டிக்தான் அதிகம். விலை கூடின கார்கள்ல ஃபோம் மேல பிவிசி மாதிரி மென்மையான தோல் போர்த்தியிருப்பாங்க. அழுத்திப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

இந்த ஒரு வரி தெரிஞ்சிருந்தா நான் பண்ணின எதையுமே பண்ணியிருக்க மாட்டேன். கீறல் வெள்ளையா தெரியுறதுக்குக் காரணம் சாயம் போனது இல்லை. பிளாஸ்டிக் உழுத மாதிரி கிழிஞ்சு, அந்த முரட்டுப் பரப்பு வெளிச்சத்தைச் சிதறடிக்குது. உள்ளே இருக்கிற டால்க் அதை இன்னும் வெளுப்பா காட்டுது. மேல இருக்கிற சொரசொரப்பு, அச்சோட உலோகப் பரப்புல பதிச்ச டிசைன். அதை உப்புத்தாளால அழிச்சா வீட்டுல திரும்பக் கொண்டு வர முடியாது. பாலிப்ரொப்பிலீன்ல பெயின்ட்டும் ஃபில்லரும் லேசுல ஒட்டாது, அதுக்குன்னு தனி பிரைமர் வேணும். அது கிட்டத்தட்ட 165 டிகிரியில உருகிடும். ஹீட் கன் 500 டிகிரிக்கு மேல காத்து அடிக்கும். அப்புறம் யோசிச்சுக்கோங்க.

சரி, என்னதான் பண்ணலாம்? முதல்ல மைல்ட் சோப்புத் தண்ணியில நனைச்ச மென்மையான துணியால துடைங்க. கீறல்னு நினைக்கிறதுல பாதி, பையோ ஷூவோ உரசி விட்டுட்டுப் போன கறைதான். காய்ஞ்ச பிறகு நகத்தை ஓட்டிப் பாருங்க. நகம் மாட்டலைன்னா, பளபளப்பு இல்லாத மேட் டைப் டிரெஸ்ஸிங்கைத் துணியில எடுத்துத் தடவினா வெளுப்பு நல்லா மங்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில போட்டுப் பார்த்துட்டு அப்புறம் மேலே போங்க. நகம் மாட்டுதா? கடினமான பிளாஸ்டிக்னா அதோட விட்டுடுங்க. மென்மையான தோல்னா அதுக்கான ரிப்பேர் கிட் இருக்கு, டிசைன் பதிக்கிற தாளோடவே வரும். தின்னர், பெட்ரோல் பக்கமே போகாதீங்க. பழைய பசையை எடுக்க ஹேர் டிரையர்ல லேசா சூடு காட்டி, தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு, துணியால உருட்டி எடுக்கலாம். எங்க வீட்டுல ரெண்டுமே இருந்துச்சு. நான் ஸ்கேலை எடுத்தேன்.

கடைக்காரங்க விரும்பி அடிச்சு விடுற அந்தப் பளபள சிலிகான் பாலிஷும் எனக்குப் பிடிக்கலை. பார்க்கப் புது வண்டி மாதிரி இருக்கும். ஆனா வெயில்ல அந்தப் பளபளப்பு முன் கண்ணாடியில எதிரொலிச்சு ஓட்டுறவர் கண்ணைக் கூசும். நாள் பூரா ரோட்டுல இருக்கிற ஒருத்தருக்கு அழகை விட ரோடு தெரியுறது முக்கியம்.

ஒரே ஒரு இடத்துல மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். இடது பக்க சீட்டுக்கு எதிர்ல இருக்கிற ஏர்பேக் மூடி. 2021 ஏப்ரல்ல இருந்து புது மாடல் கார்கள்ல அந்த ஏர்பேக் கட்டாயம். அந்த மூடி சரியான இடத்துல பிளந்து திறக்கணும்னே அதைப் பின்பக்கத்துல மெலிசாக்கி வெச்சிருப்பாங்க. பல கார்கள்ல அந்தக் கோடு வெளியே தெரியாது. அங்கே ஃபில்லர் பூசுறது, சூடு காட்டுறது, எதையாவது ஒட்டுறது எல்லாமே ஆபத்து. ஏர்பேக் வெடிச்சு விரியும்போது மேல ஒட்டியிருக்கிற பொருள் நேரா முகத்துக்குத்தான் வரும். அங்கே கீறல் இருந்தா இருந்துட்டுப் போகட்டும்.

இதை எழுதக் காரணமும் அதுதான். திட்டை மறைக்கப் பிள்ளையாரை அதே இடத்துல ஒட்டினா பாதிதான் மறைஞ்சது. "இன்னும் பெருசா ஒரு சாமி வாங்கி இடது பக்கம் வெச்சுடலாமா?"ன்னு அப்பா கேட்டார். அங்கே ஏர்பேக்னு எழுத்து இருந்ததைக் காட்டி, மூடி எப்படித் திறக்கும்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சு சொன்னேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். "அப்போ வேண்டாம். சவாரிக்கு வர்றவங்க உட்கார்ற இடம்"னார். திட்டு இன்னும் அப்படியேதான் இருக்கு.

நம்ம லேப்ல புது மாதிரித் துண்டுகளை உடைச்சு கிராஃப் போடுறோம். வேணும்தான். கூடவே ஒரு பழைய டேஷ்போர்டையும் வெச்சு, இதுல என்ன பிளாஸ்டிக், ஏன் இப்படிக் கீறுது, எங்கே தொடக் கூடாதுன்னு ஒரு மணி நேரம் கேட்டா என்ன? அது வர்ற வரைக்கும் நாமளே ஆரம்பிக்கலாம். கார் இல்லைன்னா ஹாஸ்டல் பக்கெட்டையோ டிபன் பாக்ஸையோ கவுத்துப் பாருங்க. முக்கோணத்துக்குள்ள 5ன்னு இருந்தா அதுவும் பாலிப்ரொப்பிலீன்தான். நாலு வருஷம் படிச்சதோட பேரை முதல் தடவையா ஒரு பொருள்ல படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்துச்சு. உங்களுக்கு அது கடைசி செமஸ்டருக்கு முன்னாடியே நடக்கட்டும்.